கைவிடப்பட்ட மீன்களைப் புதுத் தொட்டியில் குடியேற்றுதல்

வீடு மாற்றிச் சென்றவர்கள் விட்டுப்போன தொட்டிகளிலும், மூடிய அலுவலகங்களின் வரவேற்பறைத் தொட்டிகளிலும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நேர்ந்ததுபோல் நாள்கணக்கில் மின்சாரம் நின்றுபோன வீடுகளிலும் உயிரோடு எஞ்சும் வெப்பமண்டல மீன்களை எடுத்துவந்து, அவற்றுக்கு நிலையான இடம் அமைத்துக் கொடுக்கும் முறையை இவ்வத்தியாயம் விளக்குகிறது. வெப்பமண்டல மீன்கள் எனப்படுபவை ஏறத்தாழ 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பான நீரில் வாழ்பவை. கப்பி, மோலி, டெட்ரா, ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர், ஆஸ்கர் ஆகியன நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் இவ்வகை மீன்கள். கோல்ட்ஃபிஷ் இவற்றைவிடக் குளிர்ந்த நீருக்குரியது என்பதால், பழைய தொட்டியில் எல்லாம் ஒன்றாகவே இருந்திருந்தாலும், அதற்குத் தனித் தொட்டி தேவை.

மீட்கப்படும் மீன்களுக்குப் பேராபத்து மீட்ட பிறகே வருகிறது. கலங்கிய நீரில் ஒடுங்கிக் கிடக்கும் மீனைக் கண்டதும் அதைத் தெளிந்த நீரில் உடனே விட்டுவிட வேண்டும் என்ற இரக்கம் எழுவது இயல்பே. ஆயினும் அந்த மீனின் செவுளும் சிறுநீரகமும் அக்கெட்ட நீரின் உப்பளவுக்கும் அமிலத்தன்மைக்கும் வாரக்கணக்கில் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கும் நிலையில், ஒரே நொடியில் நிகழும் மாற்றம், அது நல்ல நீரை நோக்கிய மாற்றமாகவே இருந்தாலும், அதன் உடலால் தாங்க முடியாததாகிறது. ஆகவே கீழ்வரும் படிகள் அனைத்தும் ஒரே ஒழுங்கில் செல்கின்றன: முதலில் பழைய நீரை ஒத்த நீர், அதன்பின் நாள்தோறும் சிறிது சிறிதாக நல்ல நீர்.

பொறுப்பேற்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

தொட்டிகள் அடிக் கணக்கிலேயே விற்கப்படுவதால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, விடையை 28.3 ஆல் பெருக்கினால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 2×1×1 அடித் தொட்டி ஏறத்தாழ 57 லிட்டர். 4×1½×1½ அடித் தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர். நீரின் எடை மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ. மணல், கல், கண்ணாடி ஆகியவற்றின் எடை அதற்கு மேற்பட்டது என்பதால், பெரிய தொட்டியைப் பலகை மேசையிலோ அலமாரியிலோ வைக்கக் கூடாது.

மீனின் இப்போதைய அளவைக் கொண்டு தொட்டியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பிழை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டரைத் தாண்டும். சிவப்பு வால் கெளுத்தியும் அவ்வாறே. ஆஸ்கர் 30 சென்டிமீட்டர் வரை வளர்வதால், ஒற்றை ஆஸ்கருக்கே 255 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கைவிடப்பட்ட தொட்டிகளில் மிகுதியாக எஞ்சுபவை இத்தகைய உறுதியான பெரிய மீன்களே என்பதால், அவற்றை ஏற்கும் வசதி உண்டா என்பதை வலையைக் கையில் எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தனிமைத் தொட்டி

மீட்ட மீன்களை ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டியில் நேரடியாக விடலாகாது. குறைந்தது நான்கு வாரம் அவை தனிமைத் தொட்டியில், அதாவது நோய் வெளிப்படுகிறதா என்று கண்காணிப்பதற்கான தனித் தொட்டியில், இருக்க வேண்டும். சிறு மீன்களுக்கு 2×1×1 அடித் தொட்டி போதும். பெரிய மீனுக்குப் புதிய பிளாஸ்டிக் டப் அல்லது இதுவரை எந்த வேதிப்பொருளும் ஊற்றப்படாத சின்டெக்ஸ் தொட்டி பொருந்தும். மணல் போடத் தேவையில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மூடி, வெப்பமானி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகியன போதுமானவை. சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் அது இன்றியமையாதது.

ஃபில்டரின் பணி அழுக்கை வடிப்பதோடு முடிவதில்லை. மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா நஞ்சு. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீட்பு அவ்வளவு காலம் காத்திருக்காது என்பதால், நன்கு இயங்கிவரும் நோயற்ற தொட்டி ஒன்றிலிருந்து பழகிய ஸ்பாஞ்சைப் பெற்றுப் பொருத்துவதே சிறந்த வழி. மீன் வளர்ப்பவர் எவரும் ஒரு கூடுதல் ஸ்பாஞ்சை எப்போதும் தம் தொட்டியில் ஓடவிட்டிருந்தால், அவசர வேளையில் அது மருந்தைவிடப் பயன்படும்.

குறிப்பு: ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசக் கூடாது, குளோரின் அந்நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே பிழிந்து, ஈரம் காயாமல் கொண்டுவர வேண்டும்.

புதுநீரின் தன்மை

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்தாலோ, கடைகளில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினைப் புட்டியில் குறித்த அளவில் சேர்த்தாலோ அது நீங்கும். போர்வெல் நீரில் குளோரின் இல்லாவிடினும், ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதற்கும் ஒருநாள் காற்றூட்டம் தேவை. ஆர்.ஓ. நீரில் மீனுக்கு வேண்டிய தாதுக்கள் ஏறத்தாழ முற்றிலும் நீக்கப்பட்டிருப்பதால் அதை மட்டும் தனியே பயன்படுத்தலாகாது. கடின நீரை நீர்க்கச் செய்யும் கலவையாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பழைய தொட்டியருகே செய்ய வேண்டியவை

1. மின்னிணைப்பு முழுவதையும் துண்டித்த பிறகே நீரில் கைவைக்க வேண்டும். கைவிடப்பட்ட தொட்டிகளின் ஹீட்டர்களும் ஒயர்களும் பழுதுபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரை அணைத்துக் கால்மணி நேரம் நீரிலேயே ஆறவிட வேண்டும். சூடாக வெளியே எடுத்தால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

2. கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் நீண்ட ரப்பர் கையுறை கட்டாயம். மீன் தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற நுண்ணுயிரி புண் வழியே புகுந்து எளிதில் ஆறாத தோல் நோயை உண்டாக்கும். இதே காரணத்தால் நீரைக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சி இறக்கவும் கூடாது.

3. எந்த மாற்றமும் செய்யும் முன், நீரின் வெப்பநிலை, டி.டி.எஸ்., பி.எச்., அம்மோனியா ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு; ஆர்.ஓ. இயந்திரம் பொருத்துவோர் பயன்படுத்தும் அதே சிறு கருவி இங்கும் போதும்.

4. மீன்களின் வகை, எண்ணிக்கை, மூச்சின் வேகம், உடலில் புள்ளி, புண், கிழிந்த துடுப்பு ஆகியவற்றைக் குறிப்பதோடு ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்தால், பின்னர் நோய் முற்றுகிறதா தணிகிறதா என்பதை ஒப்பிட்டு அறியலாம்.

5. இயலுமாயின் மீன்களுக்கு ஒருநாள் முன்னரே உணவை நிறுத்த வேண்டும். வயிறு காலியாக உள்ள மீன் பயணத்தின்போது நீரைக் குறைவாகவே கெடுக்கும்.

மூன்றாம் படியில் குறித்த, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தனிக் கவனத்துக்குரியது. நெடுநாள் நீர் மாற்றப்படாத தொட்டியில் அமிலம் சேர்ந்து பி.எச். 6க்கும் கீழே இறங்குவதுண்டு. அந்நிலையில் நுண்ணுயிரிகளின் வேலை மந்தமாகி அம்மோனியா தேங்கினாலும், அமில நீரில் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவிலேயே இருப்பதால் மீன்கள் பிழைத்திருக்கின்றன. பி.எச். ஓர் அலகு ஏறுந்தோறும் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது: 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7இல் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருப்பது, பி.எச். 8இல் நூற்றில் ஆறு பங்கைத் தாண்டும். அத்தகைய தொட்டியில் பாதி நீரை இறைத்துவிட்டு போர்வெல் நீரை ஊற்றினால், நல்லெண்ணத்தோடு செய்த அச்செயலே மீன்களுக்கு நஞ்சூட்டியதாக முடியும். எனவே அம்மோனியா மிகுந்த அமில நீரைப் பழைய தொட்டியிலேயே திருத்த முயலாமல், மீன்களை அதே பி.எச். உள்ள அம்மோனியா இல்லாத நீருக்கு மாற்றுவதே முறை.

பிடித்தலும் எடுத்துச்செல்லலும்

1. கற்களையும் அலங்காரப் பொருள்களையும் மெல்ல வெளியே எடுத்துவிட்டு, நீரை மூன்றில் ஒரு பங்காகும் வரை இறைக்க வேண்டும். இறைத்த நீரில் தெளிந்த பகுதியை வாளிகளில் சேமித்தால் அதுவே பயண நீராகும். அடிமணலைக் கிளறலாகாது, காற்றுப் புகாத மணலுக்கடியில் சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றத்தால் அறியப்படும் அந்நச்சு வாயு, நீரில் கலந்தால் மீன்கள் சில நிமிடங்களில் மடியும்.

2. சிறு மீன்களை அகன்ற வலையால் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டி, நீரோடு சேர்த்தே தூக்க வேண்டும். கெளுத்தி, சக்கர் ஆகியவற்றின் துடுப்பு முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு டப்பா மட்டுமே ஏற்றது. சிக்கிவிட்டால் இழுக்காமல் வலையை வெட்ட வேண்டும்.

3. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடம் காற்றுமாக நிரப்பி, இரட்டைப் பையாகக் கட்ட வேண்டும். முள்ளுள்ள மீன்களையும் பெரிய மீன்களையும் மூடியுள்ள வாளியில், பேட்டரி ஏர் பம்ப் இணைத்துக் கொண்டுசெல்லலாம். ஆண் ஃபைட்டர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை தேவை.

4. பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி மூட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை ஒருபோதும் விட்டுச்செல்லலாகாது.

5. தொட்டியையும் கொண்டுவருவதாயின் அது முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். நீரோ மணலோ உள்ள தொட்டியைத் தூக்கினால் ஒட்டு பிளந்து கண்ணாடி உடையும்.

பழைய ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஸ்பாஞ்சையும் தொட்டி நீரில் அமிழ்த்தி எடுத்துவரலாம். பல மணி நேரம் நின்றுபோன மூடிய ஃபில்டரை அப்படியே இயக்கக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிரிகள் அழுகியிருக்கும் நிலையில், இயக்கிய கணமே அந்நஞ்சு முழுவதும் தொட்டிக்குள் பாயும்.

புதுநீருக்குப் பழக்குதல்

தனிமைத் தொட்டியின் நீரை மீன்கள் வந்துசேரும் முன்பே பழைய நீருக்கு நெருக்கமாக அமைத்திருக்க வேண்டும். பழைய நீரின் டி.டி.எஸ். குறைவாக இருந்தால் வீட்டு நீரோடு ஆர்.ஓ. நீரைக் கலக்கலாம், இக்கலவை அமில நீரின் பி.எச். அளவை நெருங்கவும் உதவும். டி.டி.எஸ். மிகுதியாக இருந்தால் எச்சேர்ப்பும் இல்லாத கல்லுப்பை லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் சேர்க்க, டி.டி.எஸ். ஏறத்தாழ 100 பி.பி.எம். உயரும். லிட்டருக்கு அரை கிராம் வரை இவ்வாறு சேர்ப்பதைப் பெரும்பாலான மீன்கள் தாங்கும். கல்லுப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுவதைத் தடுக்கிறது.

பயணம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்திருந்தால்:

1. பையை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்ய வேண்டும்.

2. மீனையும் பை நீரையும் ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டியிலிருந்து ஏர் டியூப் ஒன்றை இறக்கி, அதில் தளர்வான முடிச்சிட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வாளி நீர் இரு மடங்காகும் வேகத்தில் சொட்டவிட வேண்டும்.

3. பாதி நீரை அகற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்ய வேண்டும்.

4. இரு நீரின் டி.டி.எஸ்., பி.எச். அளவுகளும் ஏறத்தாழ ஒன்றான பின், மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். வாளி நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

இரவு முழுவதும் பையில் இருந்த மீனுக்கு இம்முறை பொருந்தாது. மூடிய பையில் மீன் வெளிவிட்ட கரியமில வாயு பி.எச். அளவைத் தாழ்த்தி அம்மோனியாவைத் தீங்கு குறைந்த வடிவில் வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறி பி.எச். உயர்வதால், சொட்டுநீருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீன் அம்மோனியாவில் வேகும். இத்தகைய மீனுக்கு வெப்பநிலையைச் சமன் செய்தபின் பையைத் திறந்து, முன்னரே ஒத்த அளவில் தயாரித்து வைத்த நீரில் உடனே விட்டுவிட வேண்டும்.

முதல் வாரம்

முதல் நாள் விளக்கு வேண்டாம், உணவும் வேண்டாம். தொட்டியின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டால் போதும். இரண்டாம் நாள் முதல், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவை ஒருவேளை மட்டும் தரலாம். வயிறு ஒட்டி முதுகு கூர்மையாகத் தெரியும் மீனுக்கு, பட்டினி கிடந்ததே என்று வயிறு நிறைய ஊட்டுவது கேடு. மிகச் சிறிய அளவுகளாகப் பிரித்து நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் அளக்க வேண்டும். அளவு எதுவும் தென்படாவிட்டால், நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய வீட்டு நீரை ஊற்றிவந்தால், இரண்டு மூன்று வாரங்களில் தொட்டி நீர் வீட்டு நீருக்கு மிக நெருங்கிவிடும். மீனும் தன்னையறியாமல் பழகிவிடும். அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமை எட்டினால், தொட்டி நீரை ஒத்ததாகக் கலந்துவைத்த நீரால் கால் முதல் பாதி வரை மாற்றி, உணவை நிறுத்த வேண்டும்.

எச்சரிக்கை: தொட்டிக்கான பிளக்குகள் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஒயர் பிளக்குக்குக் கீழே தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறினால், வழிந்துவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையெனில், தொட்டி வாங்கும் செலவோடு அதையும் சேர்த்துக்கொள்வது நலம்.

வெண்புள்ளி நோய்

தனிமைக் காலத்தில் அடிக்கடி வெளிப்படுவது இந்நோய். உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூளைத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் குழாயிலும் உடலை உரசும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, பின் உதிர்ந்து தொட்டியின் அடியில் பெருகி, மீண்டும் நீரில் நீந்தி மீனைத் தேடுகிறது. நீந்தும் நிலையில் மட்டுமே மருந்தோ உப்போ அதைக் கொல்லும். புள்ளிகள் மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துபவர்கள், ஒட்டுண்ணி அடுத்த தலைமுறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் வேளையிலேயே நிறுத்துகிறார்கள். சில நாளில் நோய் முன்னிலும் வலுவாகத் திரும்புகிறது.

கப்பி, மோலி, பிளாட்டி போன்றவற்றுக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல்லுப்பை இரண்டு நாள்களில் பிரித்துக் கரைத்துச் சேர்த்து, வெப்பநிலையை மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தி, கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடர வேண்டும். சூடான நீர் குறைந்த ஆக்சிஜனையே தாங்கும் என்பதால் காற்றூட்டத்தைக் கூட்டுவது அவசியம். டெட்ராவுக்கும் கோரிடோரஸ் போன்ற செதிலற்ற மீன்களுக்கும் இவ்வளவு உப்பு ஆகாது; அவற்றுக்கு மீன்நல மருத்துவம் அறிந்தவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளை இதற்கு அணுகிப் பார்க்கலாம். பெயர் தெரியாத மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதும், மெத்திலீன் நீலத்தை ஃபில்டர் ஓடும் தொட்டியில் விட்டு நுண்ணுயிரிகளைக் கொல்வதும் நோயைவிட விரைவாக மீனை முடித்துவிடும்.

மின்சாரம் நின்றால்

உணவு கொடுக்கக் கூடாது. பேட்டரி ஏர் பம்ப் இல்லையெனில், அரைமணிக்கொருமுறை தொட்டி நீரையே சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் ஆக்சிஜன் கரையும். மூடியை அகற்றி வலைத்துணி கட்டலாம். கோடையில் இரட்டைக் கவனம் வேண்டும்.

நிலைத் தொட்டிக்கு மாற்றுதல்

கடைசி நான்கு வாரங்களில் நோய்க்குறி எதுவும் தோன்றாத மீனையே மாற்ற வேண்டும்; இடையில் நோய் கண்டால், குணமான நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டியாயின், விளக்கை அணைத்து, கற்களின் இடத்தை மாற்றி அமைத்த பிறகு விட்டால், பழைய மீன்கள் பிடித்துவைத்த எல்லைகள் கலைந்து சண்டை குறையும். டெட்ரா வகைகள் ஆறேனும் சேர்ந்திருந்தாலன்றி அஞ்சி ஒடுங்கும். டைகர் பார்ப், ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடிக்கும். ஃபிளவர்ஹார்ன் தனித்தே வாழ வேண்டியது. ஆஸ்கர் தன் வாயில் அடங்கும் எதையும் விழுங்கும்.

வைத்துக்கொள்ள முடியாத மீனைப் பொருத்தமான பெரிய தொட்டி உள்ளவரிடமோ, வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் ஏற்க முன்வரும் பண்ணையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விடுவது விடுதலையாகாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துவருவதற்குத் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறிய மீன்களே தொடக்கம்.

தனிமைத் தொட்டி காலியானதும், நோய் எதுவும் வந்திராவிட்டால் அதன் ஸ்பாஞ்சை நிலைத் தொட்டியில் ஓடவிட்டு அடுத்த தேவைக்குக் காக்கலாம்; நோய் வந்திருந்தால் அதை எறிந்துவிட வேண்டும். வலை, வாளி, குழாய் ஆகியவற்றைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில், ஜன்னல் திறந்த இடத்தில், கையுறை அணிந்து ஊறவைத்து, பலமுறை அலசி, ஆன்ட்டி குளோரின் கலந்த நீரில் ஒருமுறை முக்கி எடுத்து, ஈரம் முற்றிலும் போகும்வரை வெயிலில் உலர்த்தி, மற்றத் தொட்டிகளின் கருவிகளோடு கலவாமல் தனியே வைக்க வேண்டும்.